பேத்தியைப் பார்க்க மனு போடுமுன்

அஞ்சல் துறையில் 35 ஆண்டுகள் இருந்தவன் நான். ரசீது இல்லாத எதையும் நம்பமாட்டேன். அந்தக் குணம்தான் பிற்பாடு கோர்ட்டில் கைகொடுத்தது.

மகன் விபத்தில் போன ஏழாம் மாதம், மருமகள் பேத்தியை அழைத்துக்கொண்டு மதுரைக்குத் தாய்வீட்டோடு போய்விட்டாள். அதில் தவறே இல்லை. பிறகு மெல்ல மெல்லப் போன் எடுப்பது நின்றது. லால்குடியில் நானும் என் மனைவியும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேத்திக்கு அப்போது 5 வயது.

இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் ஒரு கசப்பைக் குடித்தாக வேண்டும். தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமை என்று தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) சட்டப்படி, தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்தான் இயற்கைப் பாதுகாவலர். நமக்குத் திறந்திருக்கும் வாசல் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். எல்லா மதத்தவருக்கும் பொருந்தும் சட்டம் அது. குழந்தையின் உறவினர் எவரும் அதன்கீழ் கோர்ட்டை அணுகலாம். ஆனால் நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலனை மட்டும்தான். நம் ஏக்கம் அங்கே இரண்டாம் பட்சம்.

நாங்கள் முதலில் பார்த்த வக்கீல், “குழந்தையையே கேட்டு வாங்கிவிடலாம்” என்றார். 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பையனை அப்பாவைப் பெற்றவர்களிடம் ஒப்படைத்ததைக் காட்டினார். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளை அவன். எதிரே நின்றது தாயின் சகோதரி, தாய் அல்ல. உயிரோடு, ஒழுங்காக வளர்க்கும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கப் பார்த்தால் கிடைக்க வேண்டியதும் கிடைக்காது. வக்கீலை மாற்றினோம்.

வழக்குக்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றச்சாட்டு வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த இடம் என்று மட்டும் கேளுங்கள். ஒப்புகையோடு அனுப்புங்கள். (பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனாலும் சேர்ப்புச் சான்று வாங்கலாம்.) பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். அதனால் என் மனைவியே முதல் மனுதாரர் ஆனாள். விவரம் கேட்க 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அதிலும் முடியவில்லை என்றால் குடும்ப நல நீதிமன்றம். உங்கள் ஊரில் அல்ல, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும். எங்களுக்கு மதுரை. உங்கள் மகன் உயிரோடு இருந்து விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் தனி மனுவுக்கு முன் ஒரு சுலபமான வழியைப் பாருங்கள்: அவன் கேட்கும் சந்திப்பு நாளிலேயே தாத்தா பாட்டியும் உடன் இருக்கலாம் என்று ஆணையில் சேர்க்கச் சொல்லலாம்.

மனுவில்தான் நான் சறுக்கினேன். நான்கு பக்கம் எங்கள் துக்கத்தை எழுதிக்கொண்டு போனேன். புது வக்கீல் அம்மா அத்தனையையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “குழந்தை உங்கள் வீட்டில் என்ன செய்வாள்?” என்றார். செல்லாத மணியார்டர் படிவங்களின் பின்பக்கத்தில் ‘அ’ எழுதக் கற்றவள் அவள். அப்பாயி மடியில் படுத்தால்தான் தூங்குவாள். அதை எழுதினோம். பிறப்புச் சான்றிதழ், மகனின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீதுகள், புகைப்படங்கள் இணைத்தோம். கேட்டது கொஞ்சம்தான்: மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஞாயிறு மாலை ஒரு வீடியோ அழைப்பு. வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இதையே இடைக்கால மனுவாகவும் போடுங்கள்.

சொத்துப் பேச்சை இதோடு கலக்காதீர்கள். மகன் வாங்கிப்போட்ட மனையில் மனைவி, மகள், தாய் மூவருக்கும் பங்கு உண்டு. நாங்கள் அந்த மனைக்காகத்தான் வருகிறோம் என்று சம்பந்தி வீட்டில் நினைத்திருந்தார்கள். என் மனைவி தன் பங்கைப் பேத்தி பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். எங்கள் வழக்கில் அதற்கடுத்த வாய்தாவிலேயே, கோர்ட் ஆலோசகர் முன்னிலையில், மருமகள் சம்மதித்தாள்.

விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் நீதிபதி அதன் விருப்பத்தையும் கேட்கலாம். எதையும் சொல்லிக்கொடுத்து வைக்காதீர்கள், பிள்ளைகள் உளறிவிடும்.

முதல் சந்திப்பில் பேத்தி என்னிடம் வரவே இல்லை. அழாதீர்கள், “அம்மா எங்களைப் பற்றி என்ன சொன்னாள்?” என்று கேட்காதீர்கள், சொன்ன நேரத்துக்குத் திருப்பி விடுங்கள். ஒரு மாதம் அழைத்து வராவிட்டால் தேதியைக் குறித்துக்கொண்டு மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள். தொடர்ந்து நடந்தால்தான் கோர்ட். பிள்ளை வளர வளர நேரத்தைக் கூட்டக் கேட்டு மறுபடி மனு போடலாம்.

ஆணையின் சான்றிட்ட நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். என்னுடையது இரண்டு வருடமாக முறுக்கு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது, மூலையில் எண்ணெய்க் கறையோடு. இதுவரை வெளியே எடுக்க நேரவில்லை.