ஐரோப்பாவில் ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டே ஊர் மாறுவது எப்படி

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ஸ்லீப்பர் என்றால் ஜன்னல் திறந்த பெட்டி, ரெக்சின் போட்ட பெர்த், படுக்கை வகுப்புகளிலேயே மலிவானது. ஐரோப்பாவில் ஸ்லீப்பர் என்றால் நேர் எதிர்: ஒருவர், இருவர், மிஞ்சினால் மூவர் படுக்கும் தனி அறை, உள்ளேயே கை கழுவும் தொட்டி, வெள்ளை விரிப்பு, இருப்பதிலேயே விலை கூடிய டிக்கெட். நம் ஊர் நினைப்பில் ஸ்லீப்பர் என்று தேடி, விலையைப் பார்த்துப் பதறி, விமானத்துக்குத் தாவியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அவர்கள் தேடியிருக்க வேண்டியது குஷெட்.

குஷெட் என்பது கிட்டத்தட்ட நம் ஏசி த்ரீ டயர்தான், ஆனால் கதவு உண்டு. ஒரு அறைக்கு 6 பெர்த் அல்லது 4 பெர்த். தலையணை, போர்வை, விரிப்பு எல்லாம் கொடுப்பார்கள், விரித்துக்கொள்வது உங்கள் வேலை. கதவை உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்களோடுதான் படுக்க வேண்டும், அதில் நமக்கு என்ன புதுசு? பெண்களுக்கு மட்டும் என்று தனி அறைகளும் உண்டு, ஆஸ்திரிய ரயில்களிலும் பிரெஞ்சு ரயில்களிலும் டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது வகை வெறும் இருக்கை. விலையைப் பார்த்தால் கை தானாகப் போகும். வேண்டாம். ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது ஏறுவார்கள், இறங்குவார்கள், உங்கள் காலைத் தாண்டுவார்கள். பொருள் திருட்டு நடப்பதும் பெரும்பாலும் இங்கேதான். அந்தக் காசை மிச்சம் பிடித்து மறுநாள் பகல் முழுவதையும் கொட்டாவியில் தொலைப்பதில் என்ன லாபம்?

என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு 4 பேர் குஷெட். 6 பேர் அறையில் நடு பெர்த்தை விரித்துவிட்டால் கீழே யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது, பெட்டிகள் வைக்கவும் இடம் போதாது, இரண்டு பேர் பெரிய சூட்கேஸோடு வந்துவிட்டால் மூன்றாமவர் தன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். குடும்பமாக நாலு பேர் போவதாக இருந்தால் முழு அறையையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். சில சமயம் அதே ஊரில் நாலு பேருக்கு ஹோட்டல் அறை போடுவதை விடக் குறைவாக வரும், பயணமும் அதற்குள்ளேயே அடக்கம்.

இனி எந்த ரயில் என்பது. 2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே தன் இரவு ரயில்களைக் கைகழுவியபோது, இதோடு இந்தச் சங்கதியே முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பெட்டிகளில் ஒரு பகுதியை ஆஸ்திரிய ரயில்வே வாங்கி, வழித்தடங்களில் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு, நைட்ஜெட் என்று பெயர் வைத்து ஓட்ட ஆரம்பித்தது. இன்று நடு ஐரோப்பாவில் இரவு ரயில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்: வியன்னாவிலிருந்து வெனிஸ், ரோம், ஹாம்பர்க், சூரிச்சிலிருந்து பெர்லின், ஹாம்பர்க், வியன்னா, மியூனிக்கிலிருந்து ரோம். பிரஸ்ஸல்ஸிலிருந்து பெர்லின் வழியாகப் பிராகுக்கு யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற சிறிய கம்பெனி ஓட்டுகிறது, 2023 மே மாதம் பெர்லின் வரை தொடங்கியது, 2024-இல் பிராக் வரை நீண்டது. பாரிஸிலிருந்து நீஸ், துலூஸ் போக பிரெஞ்சு அரசு ரயில்வேயின் இரவு ரயில்கள் இருக்கின்றன, அவற்றில் தனி அறை ஸ்லீப்பரே கிடையாது, குஷெட்டும் இருக்கையும் மட்டும். ஸ்பெயினில் தேடவே வேண்டாம், அங்கே இரவு ரயில்கள் 2020-இல் நின்றதோடு சரி. லண்டன்காரர்கள் கேட்பார்கள், இங்கிருந்து நேராகக் கண்டத்துக்கு இரவு ரயில் உண்டா என்று. ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிப் பாரிஸ் போன ஒரு ரயில் இருந்தது, 1980-இல் அதை நிறுத்திவிட்டார்கள். கடலடிச் சுரங்கம் வழியாகப் போகும் யூரோஸ்டார் ரயிலில் பாரிஸோ பிரஸ்ஸல்ஸோ போய் அங்கிருந்து ஏறுவதுதான் இப்போது வழி.

வழித்தடம் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். ஏறும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது 10 மணி நேரம் இருக்க வேண்டும். ஏறிச் செட்டிலாக ஒரு மணி நேரம், காலையில் எழுந்து முகம் கழுவி காபி குடிக்க ஒரு மணி நேரம், மிச்சம் எட்டுதான் தூக்கம். வேகமாகப் போய்ச் சேரும் ரயில் இங்கே நல்ல ரயில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் விடியற்காலை 5 மணிக்கு இறக்கிவிடும் ரயிலை எடுத்துவிட்டு, ஹோட்டலில் மதியம் 3 மணிக்குத்தான் அறை தருவேன் என்கிறான் என்று புலம்பக் கூடாது. வியன்னா - வெனிஸ் ரயிலை நான் முதலில் சிபாரிசு செய்வது இதனால்தான்: இரவு ஒன்பதரை வாக்கில் கிளம்பி, காலை எட்டரை வாக்கில் சேரும், பகல் ரயிலில் எட்டு மணி நேரத்துக்குள் முடிகிற தூரத்தை நிதானமாக உருட்டிக்கொண்டு போகும்.

டிக்கெட் விலை விமானம் மாதிரிதான், தேதி நெருங்க நெருங்க ஏறும். பெரும்பாலும் ஆறு மாதம் முன்பே திறந்துவிடுவார்கள், தண்டவாள வேலை இருந்தால் அந்தத் தேதி மட்டும் தாமதமாகத் திறக்கும், ரயில் ஓடவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க கால அட்டவணை மாறும், அதனால் கிறிஸ்துமஸ் பயணத்துக்குப் பழைய நேரத்தை நம்ப வேண்டாம். பாஸ், அதாவது ஒரே சீட்டில் பல நாடுகளில் இத்தனை பயண நாள் என்று ரயில் ஏறும் வசதி, அதை வைத்திருப்பவர்களுக்கு: இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிறவர்கள் யூரெயில் வாங்க வேண்டும், ஐரோப்பாவில் வசிப்பவர்கள் எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இன்டர்ரெயில். பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். ஒரு நல்ல விஷயம், நள்ளிரவுக்கு முன் ஏறி, அதற்குப் பிறகு ரயில் மாறாமல் போனால், பாஸில் ஒரு பயண நாள்தான் கழியும்.

சரி, இப்போது பிளாட்பாரத்துக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு இரவு ரயில் என்பது பெரும்பாலும் ஒரே ரயில் இல்லை. வியன்னாவிலிருந்து வருவதும் இன்ஸ்புருக்கிலிருந்து வருவதும் ராத்திரி நியூரம்பெர்கில் சேர்ந்துகொண்டு ஹாம்பர்குக்குப் போகும். இத்தாலிக்குப் போகிற ரயில்களில் சால்ஸ்பர்கிலோ ஃபில்லாகிலோ பெட்டிகளைக் கழற்றி மாற்றிக் கோப்பார்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு முன்னால் இருந்த பெட்டி ரோமுக்கும் உங்கள் பெட்டி வெனிஸுக்கும் போய்விடும். அதனால் 'ஏதாவது ஒரு பெட்டியில் ஏறி உள்ளேயே நடந்து போய்க்கொள்ளலாம்' என்பது ராத்திரி ரயிலில் செல்லாது. டிக்கெட்டில் உள்ள பெட்டி எண், பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர், இரண்டையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று பகுதி பிரித்திருப்பார்கள், எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று திரையில் காட்டும். முன்கூட்டியே அங்கே போய் நில்லுங்கள். நடுவழி ஸ்டேஷன்களில் சில நிமிடம்தான் நிற்கும், அதற்குள் சூட்கேஸோடு ஓடுவது யாருக்கும் அழகாக இருக்காது.

சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். நைட்ஜெட்டில் உணவுப் பெட்டி கிடையாது, அட்டெண்டரிடம் சூடாக்கித் தரும் ஒன்றிரண்டு ஐட்டம் கிடைக்கும், அவ்வளவுதான். நடுராத்திரி ஸ்டேஷனில் டீ, காபி என்று யாரும் கூவிக்கொண்டு வர மாட்டார்கள். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் மூடியிருக்கும், ஆனால் பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். நான் ஒரு தடவை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன், டப்பாவைத் திறந்ததும் எதிர் பெர்த்தில் இருந்த பெரியவர் புத்தகத்தை மூடிவிட்டு அது என்ன என்று கேட்டார், பாதி அவருக்குப் போனது. அதற்காகக் கருவாடு கொண்டுபோகாதீர்கள், மூடிய அறை.

ஏறியதும் அட்டெண்டர் வந்து டிக்கெட் பார்ப்பார், காலை காபியா டீயா என்று கேட்பார். குஷெட்டில் இரண்டு பன், வெண்ணெய், ஜாம். ஸ்லீப்பரில் ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதில் 6 ஐட்டம் டிக் செய்ய வேண்டும், அது உங்கள் காலை உணவு. சீஸும் ஜாமும் வெண்ணெயும் தனித்தனி ஐட்டம் என்பதால் ஆறு என்பது கேட்கத்தான் நிறைய. இறங்குவதற்கு முன் அவரே எழுப்பிவிடுவார், அலாரம் வைத்து மற்ற மூவரையும் எழுப்ப வேண்டாம்.

எந்த பெர்த்? மேலே. ஏணி ஏற முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மேல் பெர்த் எடுங்கள், யாரும் உங்கள் மேல் கால் வைத்து ஏற மாட்டார்கள், நடைபாதைக்கு மேலே உள்ள பரண் கை எட்டும் தூரத்தில் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் கீழே. 2023 டிசம்பரில் விட்ட புது நைட்ஜெட் ரயில்களில் ஒருவர் மட்டும் படுக்கும் மினி கேபின் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டால் உலகமே வெளியே. தனியாகப் போகிறவர்களுக்கு அருமை, ஆனால் அதற்குள் படுக்கத்தான் முடியும், நிற்க முடியாது. இழுத்து மூடினால் மூச்சு முட்டுகிற ஆள் என்றால் குஷெட்டே மேல்.

இரவில் போட்டுக்கொள்ளும் உடை, பல் தேய்க்கும் சாமான், காது அடைப்பான், ஒரு பாட்டில் தண்ணீர், இவற்றைத் தனியாக ஒரு சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கணைத்த அறையில் சூட்கேஸ் ஜிப்பை இழுக்கிற சத்தம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரியும். குழாய்த் தண்ணீர் குடிக்க அல்ல. அறையில் மயக்க வாயு அடித்துவிட்டுத் திருடுகிறார்கள் என்று ஒரு கதை வருடக்கணக்காகச் சுற்றுகிறது, அதை விடுங்கள், தாழைப் போடுங்கள், பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் தலையணைக்கடியில் வையுங்கள்.

பாஸ்போர்ட் சும்மா பத்திரமாக இருந்தால் போதாது, எடுக்க வாகாகவும் இருக்க வேண்டும். ஒரே விசாவில் சுற்றிவரும் ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்று சொன்னாலும், 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது, ராத்திரி 2 மணிக்குப் போலீஸ்காரர் கதவைத் தட்டி டார்ச் அடித்தால் நம் முகத்தைப் பார்த்ததும் கட்டாயம் கேட்பார். விசா பக்கத்தைக் காட்டுங்கள், திரும்பப் படுங்கள். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட் பக்கம் போகிறவர்களுக்கு இப்போது தொல்லை குறைவு, 2025 ஜனவரி 1 முதல் ருமேனியாவும் பல்கேரியாவும் நில எல்லையிலும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. ஆனால் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். இன்னொன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் வைக்கும் ராத்திரியில் சில ரயில்கள் ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் சும்மா நிற்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், நேரம் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறது.

நிஜமாகவே பழுதாவதும் உண்டு. ஒரு தடவை இருவர் ஸ்லீப்பருக்குக் காசு கட்டிவிட்டுப் போனால், அந்தப் பெட்டியே அன்று கோக்கப்படவில்லை, இருக்கைதான் என்றார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லோரிடமும் நடக்கிறது. அப்படி நடந்தால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல், ரயிலில் இருக்கும் ஊழியரிடம் 'படுக்கை தரப்படவில்லை' என்று டிக்கெட்டில் எழுதி வாங்குங்கள், பிறகு வித்தியாசத்தைக் கேட்டு விண்ணப்பியுங்கள், எனக்கு வந்தது. தாமதத்துக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டமே இருக்கிறது: ஒரு மணி நேரம் தாண்டினால் டிக்கெட் விலையில் 25%, இரண்டு மணி நேரம் தாண்டினால் 50%, கேட்டால்தான் கிடைக்கும். அதனால் காலையில் இறங்கியதும் அடுத்த ரயிலையோ விமானத்தையோ பிடிக்கிற மாதிரி திட்டம் போடாதீர்கள்.

வெனிஸ் ரயிலில் ஒரு சங்கதி. மெஸ்ட்ரேயில் இறங்கிவிடாதீர்கள், அது கரைப் பக்கம், தண்ணீருக்கு நடுவே இருக்கும் வெனிஸ் இல்லை. அடுத்த ஸ்டேஷன் சாந்தா லூச்சியா, அதற்குப் போகும் வழியில் ரயில் கடற்கழியின் மேல் போட்ட நீளமான பாலத்தில் ஏறும், இரண்டு பக்கமும் தண்ணீர். கையில் காபிக் கோப்பையோடு நடைபாதை ஜன்னலில் நிற்க வேண்டிய பத்து நிமிடம் அது.

இது பிடித்துப்போனால் அடுத்தது ரோமிலிருந்து சிசிலிக்குப் போகும் இரவு ரயில். வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, உங்களோடு சேர்த்துக் கப்பலுக்குள் தள்ளி, மெசினா நீரிணையைத் தாண்டுவார்கள். முழு வேலையும் முடிய இரண்டு மணி நேரம் போல ஆகும். இறங்கி மேல்தளத்துக்குப் போகலாம், அங்கே அரிசி உருண்டையைப் பொரித்து அரான்சினி என்று விற்பார்கள், சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். இறங்கும் முன் உங்கள் பெட்டி எண்ணை மட்டும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் வயிற்றுக்குள் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும், மெசினாவில் பாதி பலெர்மோவுக்குப் போகும், பாதி சிராக்கூசாவுக்கு.