நெற்றி லைட்டும் மாத்திரைப் பையும்

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் சீரில்லாமல் துடிக்கும் நோய். ரத்தம் உறையாமலிருக்க அபிக்சாபான், தினம் இரண்டு வேளை. மாதக் கடைசியில் எண்ணினால் 60-ல் 14 மிச்சம். வேளை தவறினால் பக்கவாத ஆபத்து என்பதால் பயந்துவிட்டேன்.

போனில் அலாரம் வைத்தேன்; போன் வீட்டிலேயே கிடந்தது. கிழமை போட்ட டப்பா வாங்கினேன். அதில்தான் தெரிந்தது, மிஞ்சியதெல்லாம் காலை மாத்திரை. மருந்துக்கடை கவரில் 'சாப்பிட்ட பின்' என்று எழுதியிருந்தது. குலசேகரம் பக்கம் விடியற்காலை 4 மணிக்கே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் சாப்பிடுவது 10 மணிக்கு மேல். அதற்குள் மறந்துவிடும்.

டாக்டரிடம் கேட்டேன். இந்த மருந்துக்குச் சாப்பாடு கட்டாயமில்லை, 12 மணி நேர இடைவெளிதான் முக்கியம் என்றார். சரி, கிளம்பும்போது கட்டஞ்சாயாவோடு ஒன்று, மாலை 4 மணி சாயாவோடு ஒன்று. மாத்திரைப் பை இப்போது, இருட்டில் பால்வெட்ட அவர் எடுத்துப்போகும் நெற்றி லைட் தொங்கும் ஆணியிலேயே தொங்குகிறது. இந்த மாதம் ஒன்றும் மிஞ்சவில்லை.