நீதிமொழிகள் படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தமிழ்நாடு-கேரள எல்லையில் பாறசாலை, களியக்காவிளை பக்கம் வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டங்களில், வேதாகமத்தின் (பைபிள்) நீதிமொழிகள் புத்தகம் படிக்கப் புதிதாக வருகிறவர்கள் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கோபப்படாதே, புறங்கூறாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விடுவோம்.

நாளுக்கு ஓர் அதிகாரம் ஓட்டுவது

31 அதிகாரம், மாதத்துக்கு 31 நாள் என்று கணக்கு. முதல் 9 அதிகாரங்கள் தகப்பன் மகனுக்குச் சொல்லும் நீண்ட புத்திமதி. அவற்றுக்கு இது சரி. 10ஆம் அதிகாரத்திலிருந்து பெரும்பாலும் ஒவ்வொரு வசனமும் தனித்து நிற்கும். ஒரே மூச்சில் வாசித்தால் எதுவும் தைக்காது. நாளுக்கு ஒரு வசனம் போதும்.

அடுத்தவன் முகத்தை வைத்து வாசிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். அண்ணன் தம்பி இருவர், ரப்பர் தோட்டத்தில் எல்லைத் தகராறு. படிக்க வந்த அண்ணன், "பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே" (22:28, அதாவது 22ஆம் அதிகாரம் 28ஆம் வசனம்) என்பதைக் கண்டதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். தம்பி பார்க்கட்டும் என்றுதான். அடுத்து, அழிவுக்கு முன்னால் அகந்தை வரும் என்கிற 16:18. சரி, 18:17ஐ வாசியுங்கள் என்றேன். வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் தெரிவான், மற்றவன் வந்து விசாரிக்கும்வரை என்கிற வசனம் அது. நிதானமாக வாசித்துவிட்டு, "பாத்தியளா, அவன்தானே ஐயருகிட்ட முதல்ல போய்ப் பேசினான்!" என்றார். ஐயர் என்று அவர் சொன்னது சபைப் போதகரை.

தம்பி குடும்ப ஜெபத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அளந்து கல் நட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சண்டை. வசனம் நடுவில் வந்தபிறகு, விட்டுக்கொடுத்தால் வேதத்தையே விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. வெறும் கோபத்தில் இருப்பவனிடம் பேசிப் பார்க்கலாம். வசனம் பிடித்துக்கொண்டு நிற்பவனிடம் என்ன பேசுவது?

வசனத்தை வாசித்ததும் யாருடைய முகமாவது மனதில் வந்தால், அன்றைக்கு அந்த ஆளைப் பற்றி வாய் திறக்காதீர்கள். ஸ்டேட்டஸும் வேண்டாம். மனுஷனுடைய வழியெல்லாம் அவன் பார்வைக்குச் செம்மையாய்த் தோன்றும் என்று 21:2 சொல்வதால், உங்கள் கணக்கை நீங்களே பார்த்தாலும் பற்றாது. மனைவியிடமோ கணவரிடமோ, "இது எனக்கு எங்கே பொருந்தும்?" என்று கேளுங்கள். வருகிற பதிலுக்கு அன்று மறுப்பு சொல்லாமலிருப்பதுதான் கஷ்டம். சிநேகிதன் அடிக்கும் அடி உண்மையானது என்கிறது 27:6. வலிக்காது என்று அது சொல்லவில்லை.

தாழ்மையை மேடையேற்றுவது

"நான் வெறும் தூசி" என்று பத்து நிமிடம் சாட்சி சொல்வதும் தன்னைப் பற்றிய பேச்சுதான்.

ஒரே வசனத்தைச் சட்டமாக்குவது

மூடனுக்கு அவன் பாணியில் பதில் சொல்லாதே என்கிறது 26:4. சொல் என்கிறது 26:5. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.