அந்தரங்க இடத்தில் மருவா? பாமசிக்குப் போக முதல் இதை வாசியுங்கள்

கீழே தட்டுப்படுகிற முளை எல்லாம் மரு இல்லை. ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒரே அளவில் வரிசையாக நிற்கிற குட்டிப் பருக்கள் பல பேருக்கு இயல்பாகவே இருக்கும், பெண்களுக்கும் யோனி வாசலில் அப்படி ஒன்று உண்டு, அவற்றுக்கு மருந்தே வேண்டாம். மரு என்றால் சொரசொரப்பாக, தனியாகவோ கொத்தாகவோ வரும். பெரும்பாலும் நோகாது, சிலருக்குக் கடி இருக்கும். சிபிலிஸ் என்ற பாலியல் நோயிலும் தட்டையான, ஈரமான முளைகள் வரும், அதுதான் சிக்கல். கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள், இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் பெரியாஸ்பத்திரியின் பாலியல் நோய்ப் பிரிவுக்கே போகலாம். அரசாங்க சேவை, காசு இல்லை, விஷயத்தை வெளியே விடமாட்டார்கள். தெரிந்த ஆக்கள் கண்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் விளங்குகிறது, சின்ன ஊர்தானே. அதற்காக எருக்கலம்பாலும் சுண்ணாம்பும் பூசுவதா? அந்த இடத்துத் தோல் மெல்லியது, வெந்து புண்ணாகிவிடும். காலாணிக்கு விற்கிற மருந்தும் அங்கே கூடாது.

சரி, சிகிச்சை. கிளினிக்கில் திரவ நைதரசனால் உறைய வைப்பார்கள், அல்லது அமிலம் தொட்டு வைப்பார்கள், பெரிதாக இருந்தால் சுட்டோ வெட்டியோ எடுப்பார்கள். ஒரே தடவையில் முடியாது, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போக வேண்டி வரும். வீட்டில் பூச போடோபிலொடொக்சின் தந்தால் காலையும் இரவுமாக 3 நாள் பூசி, 4 நாள் விட்டு, மறுபடி தொடங்க வேண்டும். இமிக்விமோட் 5% கிரீம் என்றால் வாரத்தில் 3 இரவு, 6 முதல் 10 மணித்தியாலத்தில் கழுவிவிட வேண்டும், 16 வாரம் வரைகூடப் போகலாம். கெதியாக மாறட்டும் என்று கூடப் பூசினால் புண்தான் மிஞ்சும். கர்ப்பம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள்: இந்தப் பூச்சுகளைத் தவிர்த்து, உறைய வைப்பது போன்ற வேறு வழியைத்தான் பார்ப்பார்கள்.

மருந்து மருவைத்தான் எடுக்கும், அதைத் தருகிற எச்.பி.வி. என்ற வைரஸை அல்ல. ஆகவே திரும்ப வரலாம், முக்கியமாக முதல் சில மாதங்களில். வந்தால் மருந்து பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, மறுபடி காட்டுங்கள். முழுதாக மாறும் வரை உறவைத் தள்ளி வைப்பது நல்லது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோலால் தொற்றும். சவரமும் வேண்டாம், பிளேடு மருவைப் பரப்பிவிடும்.

இனி வீட்டுச் சண்டைக்கு வருவோம். எச்.பி.வி. வைரஸ் உடம்புக்குள் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். கல்யாணம் கட்டி இரண்டு வருடத்தில் மரு வந்ததை வைத்து யார் யாருக்குக் கொடுத்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து போய்க் காட்டுங்கள்.

புற்றுநோயா என்று கேட்பார்கள். மருவைத் தருவது பெரும்பாலும் எச்.பி.வி.யின் 6, 11 வகைகள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் 16, 18. ஒருவருக்கு இரண்டும் தொற்றியிருக்கலாம் என்பதால் 35 வயதானதும் பெண்கள் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தைப் பரிசோதிக்கத் தவறக்கூடாது. இலங்கையில் 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், உங்கள் மகளின் படிவம் வந்தால் கையெழுத்து வைத்துக் கொடுத்து விடுங்கள்.