டாட்டிங் வளையம் மூட மறுத்தால்

நாகர்கோவில் பக்கம் லேஸ் என்றதும் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் கற்றுக்கொடுத்த, தலையணையில் ஊசி குத்திப் பின்னும் வகைதான் நினைவுக்கு வரும். டாட்டிங் வேறு, சிறு முடிச்சுகளை வரிசையாகப் போட்டு வளையமாக்கும் லேஸ் வகை. நூல் சுற்றிய ஒரு சிறு ஓடமும் (ஷட்டில்) பருத்தி நூலும் போதும். புதியவர்களுக்கு 20-ஆம் நம்பர் நூலைவிடப் பருமனான 10-ஆம் நம்பர் நல்லது.

முடிச்சு ஷட்டில் நூலில் விழக்கூடாது. இடக்கை விரல்களைச் சுற்றிய நூலில்தான் விழவேண்டும். பாதி முடிச்சு போட்டதும் இடக்கை விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலை வெடுக்கென இழுங்கள். சுருக்கு தாவி மறுநூலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முடிச்சையும் நகர்த்திப் பாருங்கள். நகராவிட்டால் அது பூட்டிக்கொண்டது, கடைசியில் ஷட்டில் நூலை இழுத்தாலும் வளையம் மூடாது. அப்போதே ஊசிமுனையால் பிரித்துவிடுங்கள். இருபதாவது முடிச்சில் கண்டுபிடித்தால் வளையத்தையே வெட்டவேண்டி வரும்.

பிக்காட் (முடிச்சுகளுக்கிடையே எழும் சிறு நூல் கண்ணி) 5 மி.மீ. உயரம் வேண்டுமென்றால் முடிச்சுகளுக்கிடையே 1 செ.மீ. விடுங்கள், நூல் மடிந்து பாதியாகும்.

மார்த்தாண்டத்திலோ பாறசாலையிலோ இருக்கும் தோழிக்கு மாதிரி அனுப்பும்போது “வளையம் 5-5-5-5” என்று மட்டும் எழுதாதீர்கள். எண் முழு முடிச்சை (இரண்டு பாதி முடிச்சு சேர்ந்தது) குறிக்கிறது, கோடு பிக்காட் என்பதையும், நூல் நம்பரையும் சேர்த்தெழுதுங்கள். பின்னலைக் கறுப்புத் துணிமேல் வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு படம் எடுங்கள். வெள்ளைத் துணியில் முடிச்சை எண்ணவே முடியாது.