கணுக்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: முதல் ஆறு வாரம் கடப்பது எப்படி?

போன மார்கழியில் வாசல் தெளித்த ஈரத்தில் அம்மா வழுக்கி விழுந்தார். வலது கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு முறிவு. பிளேட், ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது" என்றார்கள். ஊன்றாமல் பாத்ரூம் போவது எப்படி என்று யாரும் காட்டித் தரவில்லை. அதை வீட்டில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

1. டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு கேள்வி

"இந்தக் காலில் எப்போதிலிருந்து, எவ்வளவு பாரம் போடலாம்?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சிலருக்குக் கால் தரையில் படவே கூடாது, சிலருக்கு லேசாக வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றே வாரத்தில் நடந்தார் என்பது உங்கள் காலுக்குக் கணக்கில்லை.

2. வீட்டைச் சரிசெய்யுங்கள்

கால்மிதி, பாய், தரையில் ஓடும் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தரையில் படுக்கை வேண்டாம், கட்டில்தான். இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி வாங்குங்கள். பல ஊர்களில் வாடகைக்கே கிடைக்கும். வீடு துடைத்தால் தரை முழுக்கக் காயும்வரை நோயாளி எழுந்திருக்கவே கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் பயந்தது இரண்டாவது முறை விழுவதை நினைத்துத்தான்.

3. வாக்கர் பிடித்து நடப்பது

இதை அவசரப்படாமல் பழகுங்கள். முதலில் உயரம்: நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், வாக்கரின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும்.

எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்காதீர்கள், அது சாய்ந்துவிடும். கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டி, ஒரு கையால் கட்டிலை அழுத்தி, நல்ல காலில் எழுங்கள். நிலையாக நின்ற பிறகே இரண்டு கையும் வாக்கருக்கு வரட்டும். தலை சுற்றுகிறதா என்று சில நொடி பாருங்கள்.

வாக்கரை ஒரு முழம் முன்னால் வையுங்கள். நான்கு காலும் தரையில் பதிந்ததா? இப்போது உள்ளங்கையில் பாரத்தை இறக்கி, நல்ல காலை வாக்கரின் நடுப்பகுதி வரை கொண்டுவாருங்கள். முன் கம்பியைத் தாண்டக் கூடாது. உட்காரும்போது நல்ல காலின் பின்பக்கம் நாற்காலியில் படும்வரை பின்னால் வந்து, கையை நாற்காலியின் பிடிக்கு மாற்றி, மெதுவாக இறங்குங்கள்.

அம்மா ஒருநாள் டீ டம்ளரோடு வாக்கரைப் பிடிக்கப் பார்த்தார். அன்றே வாக்கரில் ஒரு துணிப்பையைக் கட்டினோம். தண்ணீர் பாட்டில், போன், மாத்திரை எல்லாம் அதில் போகும், இரண்டு கையும் பிடியிலேயே இருக்கும்.

இளைஞர்கள் ஊன்றுகோல் வைத்தால், அக்குளுக்கும் மேல்பட்டைக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். பாரம் கையில்தான். அக்குளில் சாய்ந்தால் நரம்பு அழுந்தி கை மரத்துப்போகும்.

4. மாடிப்படி

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். பயமாக இருந்தால் படியில் உட்கார்ந்தே ஏறுங்கள். அம்மா அப்படித்தான் மாடிக்குப் போனார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. காலை உயர்த்துவது

ஸ்டூலில் நீட்டினால் போதாது. படுத்துக்கொண்டு, கணுக்கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி கெண்டைக்கால் முழுக்கத் தலையணை கொடுங்கள். குதிகால் மட்டும் அழுந்தினால் அங்கே புண்ணாகும். முதல் இரண்டு வாரம் எவ்வளவுக்கு இப்படி வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு வீக்கம் இறங்கும், வலியும் குறையும். இடையிடையே விரல்களை மடக்கி நீட்டுங்கள், முழங்காலைப் படுக்கையில் அழுத்தி விடுங்கள்.

குளிக்கும்போது மாவுக்கட்டை பிளாஸ்டிக் பையால் மூடி, மேலே டேப் ஒட்டி, காலை வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். கட்டுக்குள் அரிக்கிறது என்று ஸ்கேலோ குச்சியோ விடாதீர்கள்.

பார்க்க வரும் உறவினர்கள் "நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டால் சரியாகும்" என்பார்கள். கண்டிப்பாக வேண்டாம். நடமாட்டம் குறைந்த காலில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கலாம், நீவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

6. எப்போது ஓட வேண்டும்?

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், விரல்கள் நீலமாகவோ மரத்தோ போனால், மாத்திரைக்கும் அடங்காத வலி வந்தால், காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். திடீரென மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108.

7. ஊன்றச் சொன்ன பிறகு

"20 கிலோ வரை போடலாம்" என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னால் அது எவ்வளவு என்று காலுக்குத் தெரியாது. எடை மெஷினில் அந்தக் காலை வைத்து, முள் 20-ஐத் தொடும்வரை மெல்ல அழுத்திப் பாருங்கள். நாலைந்து முறையில் அந்த அளவு பிடிபடும். அம்மாவுக்கு இதுதான் நம்பிக்கையே கொடுத்தது.

பிறகு கைத்தடிக்கு மாறும்போது, தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். சாயங்கால வீக்கம் இன்னும் சில மாதம் வந்து போகும். அதனால் செருப்பை மாலையில் போய் வாங்குங்கள், பட்டையைத் தளர்த்த முடிகிற மாதிரி.