பெயின்ட் கடைசியில்தான்

ஹாலை மாற்ற வேண்டும் என்றதும் நாம் முதலில் எடுப்பது ஷேட் கார்டு, அதாவது பெயின்ட் நிறங்களின் மாதிரி அட்டை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பெயின்டை ஆயிரக்கணக்கான ஷேடுகளில் கலக்கித் தருவார்கள். சோபா துணியும் திரைச்சீலையும் கடையில் இருப்பதுதான் கிடைக்கும். தரையை மாற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால் தரை, சோபா, திரைச்சீலை, அப்புறம்தான் சுவர்.

அடுத்தது, ஷேட் கார்டில் தபால்தலை அளவுச் சதுரத்தை நம்புவது. நான் அப்படித்தான் ஒரு எலுமிச்சை மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். அட்டையில் சாதுவாக இருந்தது. நாலு சுவரிலும் ஏறியதும் கண் கூசியது. பரப்பு கூடக் கூட நிறம் அழுத்தமாகத் தெரியும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் அடித்து இன்னும் ஏற்றிவிடும். பிடித்த ஷேடுக்கு ஒரு படி வெளிறியதை எடுத்து, சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் பகலிலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். 6500 கெல்வின் (விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்.இ.டி.யில் க்ரீம் நிறம் சோகை பிடித்ததுபோல் இருக்கும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் இளநீலம் மங்கிவிடும்.

டிசைனில் நடக்கும் கூத்து வேறு. திரையிலும் சோபாவிலும் குஷனிலும் ஒரே அளவுப் பூ இருந்தால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. பெரிய பூ ஒரே இடத்தில் இருக்கட்டும். அதிலுள்ள ஒரு நிறத்தில் மெல்லிய கோடோ சின்னக் கட்டமோ போதும். ஆத்தங்குடி கல் பதித்த ஹாலில் தரையே பெரிய டிசைன். அதன்மேல் பவானி ஜமக்காளத்தைக்கூட நான் விரிக்க மாட்டேன். வெறும் சிமென்ட் தரையில் அதே ஜமக்காளத்தின் பட்டைகள் அள்ளும். அதில் ஒரு பட்டையின் நிறத்தில் குஷன் தைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

60:30:10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பெரும்பகுதி ஒரு நிறம், அதில் பாதி இன்னொன்று, கொஞ்சம் அழுத்தமான மூன்றாவது. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பத்து சதவீதத்தை முழுக்க டி.வி. சுவரில் அடர் சிவப்பாகக் கொட்டிவிடுகிறார்கள். குஷன், விளக்குக் கூடு, ஒரு படம் என்று இரண்டு மூன்று இடத்தில் தூவினால்தான் ஒட்டும்.

துணி எடுக்கப் போகும்போது செல்போன் படத்தை நம்ப வேண்டாம், அது நிறத்தை மாற்றிக் காட்டும். ஒரு குஷன் கவரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பார்ப்போமே, அதே மாதிரி இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.